வீட்டை விற்பதற்கு முன் ஒரு ஒட்டு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. வேலை, குழந்தைகளின் பள்ளிக்கூடம், பனி வாருதல் என்று வழக்கமான சாக்குகள்தான். இன்றைக்கு எழுத வைத்தது ஒரு பலாப்பழம். எங்க ஊர் பாஷையில் சொன்னால் சக்கை.

இங்கே நியூஜெர்சியில் சனிக்கிழமை காலை இந்தியக் கடைக்குப் போகிற வழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. போன வருஷம் பிப்ரவரியில் அப்படிப் போனபோது வாசலிலேயே ஒரு சக்கையைக் கால் கால் துண்டாக அறுத்து, பிளாஸ்டிக் சுற்றி, பவுண்டுக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒட்டியிருந்த சீட்டில் மெக்ஸிகோ என்று இருந்தது. ஆசையோடு வாங்கி வந்து சுளை எடுத்துக் கொடுத்தேன். மகள் ஒன்று தின்றுவிட்டு, "அப்பா, இதைத்தானா நீங்க இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இனிப்பு இருந்தது. மணம் இல்லை. ஈரப் பஞ்சைச் சர்க்கரைப் பாகில் முக்கித் தின்ற மாதிரி. தங்கமணி மட்டும் "கொட்டையைத் தூரப் போட்டுடாதீங்க, குழம்புக்கு ஆகும்" என்றார். யதார்த்தவாதி :-)

அன்றைக்கு ராத்திரியே அக்காவிடமிருந்து போன். "தம்பி, நேமம் வீட்டுக்கு ஆளு வந்தாச்சு. ஒரே ஒரு கண்டிஷன். ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னால மரத்தையெல்லாம் நாமளே வெட்டிக் கொடுத்துரணுமாம்."

நேமம் தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிற ரோட்டில், நகரத்தின் தெற்கு ஓரம். எங்க அப்பா சர்க்கார் உத்தியோகம் பார்த்து, லோன் போட்டு வாங்கிய பதினோரு சென்ட். அதில் வீடு, கிணறு, நாலு தெங்கு, ஒரு முருங்கை, பின்னால் ஒரு பெரிய வருக்கைச் சக்கை மரம். அப்பா இல்லை. அம்மா நாகர்கோவிலில் அக்காவோடு இருக்கிறார். நான் இங்கே. வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்பது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். அதில் யார் மேலும் குறையில்லை.

மரத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அம்மா யோசித்திருக்கிறார். போனை வாங்கி ஒரே ஒரு விஷயம் சொன்னார். "மக்களே, வெட்டட்டு. ஆனா அதுக்க ஒரு கன்னை எடுத்து வச்சிட்டு வெட்டச் சொல்லு."

"அம்மா, கொட்டையை எடுத்து வச்சாப் போதாதா?"

"கொட்டை போட்டா வேற மரமால்லா வரும்!"

எண்பது வயதில், எட்டாங்கிளாஸ் படித்த அம்மா சொன்ன அந்த ஒரு வரியில்தான் பழமர ஆராய்ச்சியின் பாதி அடங்கியிருக்கிறது என்பது எனக்கு அப்புறம் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுத வந்தேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊரில் வீட்டை விற்பதோ மரத்தை வெட்டுவதோ தப்பில்லை. ஒட்டு எடுக்காமல் வெட்டுவதுதான் தப்பு. அந்தத் தப்பை அதிகம் செய்கிறவர்கள் நம்மைப் போல வெளியூரில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான்.

*

முதலில் அம்மா சொன்ன விஷயம். அம்மாவின் ஊர் முளகுமூடு பக்கம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது என்பதால் எங்க குடும்பங்களுக்குத் தலைநகரம் என்றால் இன்னமும் திருவனந்தபுரம்தான், சென்னை ரொம்ப தூரம். கல்யாணமாகி வரும்போது தன் வீட்டு மரத்துப் பழத்திலிருந்து மூன்று கொட்டைகளை அம்மா கொண்டு வந்து நட்டிருக்கிறார். ஒன்று முளைக்கவில்லை. ஒன்று வளர்ந்து காய்த்தபோது கூழனாகப் போய்விட்டது. மூன்றாவதுதான் இந்த வருக்கை. மூன்றும் ஒரே பழத்தின் கொட்டைகள்!

(தெரியாதவர்களுக்கு: வருக்கை என்றால் சுளை கெட்டியாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். கூழன் வழவழவென்று தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். கூழனுக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.)

ஏன் அப்படி? பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், ஆனால் தனித்தனிக் கதிராக வரும். மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வரும். ஆக, ஒவ்வொரு கொட்டையும் அம்மா தெரிந்த, அப்பா யாரென்று தெரியாத பிள்ளை. ஒரு பழத்தில் நூறு கொட்டை இருந்தால் நூறும் நூறு விதம். நம்ம ஊர் மாமரங்களில் சிலதுக்கு ஒரு சலுகை உண்டு. சந்திரகாரன், மூவாண்டன், குருக்கன் மாதிரி மேற்குக் கடற்கரை மாங்காய்களில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சு அசல் நகல். பலாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேரளத்திலும் குமரியிலும் பலாவைத் தோப்பாக வைத்தவர்கள் குறைவு. வீட்டுக்கு ஒன்று, இரண்டு, கொட்டை போட்டு வந்தது, காக்காய் போட்டு வந்தது என்றுதான் இருக்கும். அப்படியென்றால் திருவனந்தபுரத்தின் ஒவ்வொரு கொல்லையிலும் நிற்கிற மரம் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். அந்தக் கொட்டையின் அதே சேர்க்கை இனி இன்னொரு தடவை நடக்காது. நல்லதாக இருந்தால் வைத்துக்கொண்டார்கள், மோசமாக இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டார்கள். (பலா மரத்துக்குக் கதவு, கட்டில் என்று கிராக்கி உண்டு. வீணையே அதில்தான் செய்கிறார்கள்.) பல தலைமுறையாக நடந்த இந்தத் தேர்வுக்குப் பட்டமும் சம்பளமும் கிடையாது.

*

மேம்படுத்திய ரகம் என்றால் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. வெள்ளைக் கோட்டு போட்டவர் பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவி, கண்ணாடிக் குழாய், மைக்ராஸ்கோப்... நேமத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளாயணியில் 1955-லிருந்து விவசாயக் கல்லூரி இருக்கிறது. அந்த ஏரிக்கரை வழியே போகும்போதெல்லாம் உள்ளே அப்படித்தான் எதோ நடக்கிறது என்று சின்ன வயதில் நினைப்பேன்.

பலாவில் நடந்தது அப்படி இல்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1990-களில் வெளியிட்ட இரண்டு பலா ரகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாலூர்-1: பண்ருட்டிப் பக்கம் பணிக்கன்குப்பத்து மரங்களிலிருந்து தேர்ந்தெடுத்தது. பேச்சிப்பாறை-1: முளகுமூட்டு நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. ஆமாம், எங்க அம்மா ஊர்தான்! ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு தடவை, நவம்பர், டிசம்பரில் இன்னொரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு. மரத்துக்குச் சராசரியாக நூற்றுக்கு மேல் பழம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 17 கிலோ. கேரளப் பக்கம் கொட்டாரக்கரைக்கு அடுத்த சதானந்தபுரத்தில் இருக்கும் கேரள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் 'சிந்தூர்' என்று ஒரு ரகம் வெளியிட்டது, சுளை செம்பு நிறம். அதுவும் இப்படித் தேர்ந்தெடுத்ததுதான். ஆராய்ச்சியாளர்கள் நூற்றுக்கணக்கான மரங்களைப் பார்த்து, எடை போட்டு, தின்று பார்த்து, பல வருஷம் கணக்கு வைத்து, இதுதான் என்று ஒன்றைக் கை காட்டி, ஒட்டுக் கட்டிப் பெருக்கிக் கொடுத்தார்கள். அது சின்ன வேலை இல்லை. ஆனால் அந்த மரத்தை உண்டாக்கியது யாரோ ஒரு வீட்டுக் கொல்லை.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கர்நாடகக் கதை. துமகூரு மாவட்டம் சேளூரில் ஒரு விவசாயி வீட்டு மரம். அவருடைய அப்பா நட்டது. பழம் இரண்டரைக் கிலோ அளவுதான், சுளை நல்ல சிவப்பு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதைச் சோதித்துப் பார்த்து, 2017-ல் அந்த விவசாயியோடு ஒப்பந்தம் போட்டது. கன்று விற்ற வருமானத்தில் முக்கால் பங்கு அவருக்கு. அப்பா சித்தப்பாவின் நினைவாக ரகத்துக்குப் பெயர் 'சித்து'. ஒரு மரத்துக்கு அப்பா பெயர் வைப்பது என்பதில் இருக்கும் மரியாதையை யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏன் ஆய்வுக்கூடத்திலேயே கலப்புச் செய்து புதிதாக உண்டாக்கக் கூடாது? செய்யலாம், மாம்பழத்தில் செய்தார்கள். இந்தியாவில் மாம்பழக் கலப்பு வேலை புனேயில் 1911-ல் ஆரம்பித்தது. டெல்லி நிறுவனம் நம்ம நீலத்தையும் உத்தரப் பிரதேசத்து தசேரியையும் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி என்று இரண்டு நல்ல ரகங்களை வெளியிட்டபோது 1970-கள் ஆகிவிட்டது. மரப்பயிரின் கஷ்டம் அதுதான். நெல்லில் ஒரு கலப்புக்குப் பலன் சில மாதங்களில் தெரியும். பலாவில் கொட்டை போட்டு முதல் காய் பார்க்க ஏழெட்டு வருஷம். அப்புறம் நாலைந்து வருஷம் காய்ப்பைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒட்டுக் கட்டி நாலு ஊரில் நட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விஞ்ஞானி வேலையில் சேர்ந்ததும் ஆரம்பித்தால் ரிடையர் ஆகிற சமயத்தில் முடிவு தெரியும். அதுவும் பத்தாயிரம் கன்று வைக்க இடம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முப்பது அடி!

நம்ம கொல்லைகள் என்ன? ஏற்கனவே காய்த்துக்கொண்டிருக்கிற, பலனும் தெரிந்த லட்சக்கணக்கான சோதனை மரங்கள். ஐம்பது வருஷக் காத்திருப்பை நம்ம பாட்டிகள் ஏற்கனவே காத்து முடித்துவிட்டார்கள்.

*

இன்னொரு கேள்வி. மேம்பட்டது என்றால் யாருக்கு மேம்பட்டது?

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு டாமி அட்கின்ஸைத் தெரிந்திருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் சிவப்பும் பச்சையுமாக, பார்க்க லட்சணமாக, உள்ளே நாராக இருக்குமே, அதேதான். அதன் பூர்வீகத்தைக் கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து 'மல்கோபா' என்ற பெயரில் ஒட்டுக்கன்று புளோரிடாவுக்குப் போனது. பெயரைப் பார்த்தாலே எந்த ஊர்க் காற்று அடிக்கிறது என்று தெரிகிறது. அதன் கொட்டைகளை 1902-ல் ஹேடன் என்ற ராணுவ அதிகாரி மயாமிக்குப் பக்கத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினார். 1910-ல் காய்த்த ஒரு கன்று 'ஹேடன்' ரகம் ஆனது. அங்கேயும் கொல்லைதான்! ஹேடனின் கொட்டையில் வந்தது டாமி அட்கின்ஸ். சுவையில் ஒன்றும் விசேஷமில்லை என்று 1950-களில் புளோரிடா மாம்பழக்காரர்களே அதை ஒதுக்கினார்கள். ஆனால் தோல் கெட்டி, நிறம் அழகு, கப்பலில் போனாலும் நசுங்காது. வியாபாரம் வாக்குப் போட்டது, ஜெயித்துவிட்டது. 2007-ல் இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கா கதவைத் திறந்தபோது நம்மாட்கள் பெட்டி பெட்டியாக, யானை விலை கொடுத்து வாங்கியது ஏன் என்று இதிலிருந்தே தெரியும்.

இது வியாபாரத்தின் குற்றம் இல்லை. தேர்ந்தெடுக்கிறவர் எதைத் தேடுகிறாரோ அதுதான் கிடைக்கும். லாரிக்காரர் தேர்ந்தெடுத்தால் லாரிக்கு ஏற்ற பழம். எங்க அம்மா தேர்ந்தெடுத்தால்? அம்மாவின் கணக்கு வேறு. பிஞ்சில் இடிச்சக்கைத் துவரனுக்கு ஆக வேண்டும். விளைந்து பழுக்காமல் இருக்கும்போது புழுக்குக்கு மாவாக வேக வேண்டும். வற்றல் போட்டால் மொறுமொறுப்பு நிற்க வேண்டும். பழுத்தால் தின்னவும், வரட்டி வைத்தால் வருஷம் தாங்கவும் வேண்டும். கொட்டை பெரிதாக இருக்க வேண்டும், ஆடி மழையில் மாங்காயோடு போட்டுக் குழம்பு வைக்க. இத்தனையையும் பார்த்து மார்க் போடுகிற ஆராய்ச்சி நிலையம் எங்காவது உண்டா?

அதே சமயம் பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். நேமம் வீட்டு மரத்தில் போன பல வருஷங்களாகப் பழம் உச்சியிலேயே அழுகி விழுந்தது. ஏற ஆள் கிடையாது. இருபது கிலோப் பழத்தை அறுத்தால் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் யார் தின்பது? பிசினை யார் துடைப்பது? எங்க பாட்டி வீட்டில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வட்டமாக உட்கார எட்டுப் பேர் இருந்தார்கள். இன்றைக்கு அந்த வட்டம் ஆளுக்கொரு தேசத்தில். அதனால் சின்னப் பழம், பிசின் குறைவு, குட்டை மரம், சீக்கிரம் காய்ப்பு என்று ஆராய்ச்சியாளர்கள் தேடுவது நியாயமான தேடல். 2018 மார்ச் 21-ல் கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் அறிவிப்பு தின்னாது. தின்ன வசதியான ரகம் வேண்டும்.

அந்த ரகத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் என் கவலை. சின்னப் பழம் துமகூருவில் ஒரு வீட்டில் இருந்தது. இரட்டைக் காய்ப்பு முளகுமூட்டில் இருந்தது. பிசின் இல்லாத ஒன்று திருவனந்தபுரத்தில் எந்தச் சந்தில், எந்தப் பூட்டின வீட்டுக்குப் பின்னால் நிற்கிறதோ? அதற்கு நாளைக்கு வெட்டுநாள் குறித்திருக்கலாம்.

*

"அதான் நர்சரியில விதவிதமா கிடைக்குதே" என்றான் நண்பன் ஒருவன். துபாயில் இருக்கிறான். ஊரில் புது வீடு கட்டி, காம்பவுண்டு ஓரமாக 'வியட்நாம் சூப்பர் ஏர்லி' பலா வைத்திருக்கிறான். இரண்டாம் வருஷமே காய். லீவில் போகும்போது பிள்ளைகள் கையெட்டும் உயரத்தில் பறிக்கிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். இது புதிதும் இல்லை. 1949 வாக்கிலேயே சிலோனிலிருந்து சீக்கிரம் காய்க்கும் பலாவைக் கொண்டு வந்து நம்ம பக்கம் நிறைய நட்டார்கள். சிங்கப்பூர் பலா என்று பெயர் வேறு!

ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரே ஒட்டு என்றால், எல்லார் வீட்டிலும் ஒரே மரம் என்று அர்த்தம். ஒட்டு என்பது நகல். வாழைக்கு என்ன ஆச்சு? போன நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தின்றது குரோ மிஷேல் என்ற ஒரே வாழை. பனாமா வாடல் நோய் வந்தது. ஒன்றுக்கு வந்தால் அத்தனைக்கும் வரும், ஏனென்றால் அத்தனையும் ஒன்றுதான். 1960-களுக்குள் வியாபாரத்தில் அதன் கதை முடிந்தது. அடுத்து கேவண்டிஷ். இப்போது அதே நோயின் இன்னொரு வகை அதையும் துரத்துகிறது. இதற்கு மாற்றுத் தேட 1920-களில் டிரினிடாடில் ஆரம்பித்த கலப்பு வேலை நூறு வருஷமாகியும் நடந்துகொண்டேயிருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் கப்பப்பழமும், மட்டியும், பேயனும், பூவனும் குலை குலையாகத் தொங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அப்படி விதவிதமாக இருப்பதுதான் காப்பு.

விதை வங்கியில் வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. நெல்லை வைக்கலாம், கத்தரியை வைக்கலாம். பலாக்கொட்டையை உலர்த்தினால் செத்துப் போகும். குளிரிலும் தாங்காது. எடுத்த சில வாரங்களுக்குள் மண்ணில் போட வேண்டும். ஆக, பலாவைப் பொறுத்தவரை உயிரோடு நிற்கும் மரம்தான் வங்கி. அந்த வங்கியின் சாவி இன்றைக்கு யார் கையில்? நியூஜெர்சியிலும் மெல்பர்னிலும் துபாயிலும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற நம்ம கையில்.

*

இனி எங்க மரத்தின் கதை. முதலில் ஒரு குற்ற ஒப்புதல். இதே வீட்டில் முன் பக்கம் ஒரு செங்கவருக்கை மாமரம் இருந்தது. திருவனந்தபுரத்துக்காரர்கள் கோட்டுக்கோணம் என்பார்கள். 1994-ல் மாடி எடுக்கும்போது வெட்டினோம். அதே பெயரில் எத்தனையோ பழம் வாங்கித் தின்றாகிவிட்டது. அந்த மரத்துப் பழம் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பா கடைசி வரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லுவார். அதனால்தான் இந்தத் தடவை அம்மா முந்திக்கொண்டார்.

வாங்குகிறவரிடம் ஜூலை வரை அவகாசம் கேட்டோம். நல்ல மனிதர், கொடுத்தார். மார்ச்சில் அக்கா ஒரு ஒட்டுக் கட்டுகிறவரைக் கூட்டி வந்தார். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, "சாரே, இது அம்பது வயசு ஆன மரம். வெயில் படுற நுனிக் கொம்பு வேணும்" என்று வீடியோ காலில் என்னிடம் சொன்னார். ஏறி, பென்சில் கனமுள்ள இளங்கொம்புகளைப் பார்த்து, இலையை மட்டும் கிள்ளி, காம்பை விட்டுவிட்டு இறங்கினார். ஒரு வாரம், பத்து நாள் கழித்து நுனி மொட்டு பருத்ததும் அதே கொம்புகளை வெட்டினார். ஏதோ ஒரு சக்கைக்கொட்டையில் முளைத்த கன்றுகளைப் பையில் வைத்திருந்தார். அதன் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, எங்க கொம்பை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் குல்லா மாதிரி மாட்டினார். இளந்தண்டு ஒட்டு என்று பெயராம். பதினைந்து கட்டினார்.

இரண்டு பிழைத்தது. வெயில், காற்றில் ஈரமில்லை. அக்கா மனசு விட்டுப் போனார். "மரம் போக வேண்டாம்னு நினைக்குதோ, வர வேண்டாம்னு நினைக்குதோ" என்றார். ஜூனில் மழை பிடித்ததும் அவரே மறுபடியும் வந்து பத்து கட்டினார். ஏழு பிழைத்தது. மொத்தம் ஒன்பது. செலவு? நான் இங்கே ஒரு தடவை குடும்பத்தோடு வெளியே சாப்பிடுகிற காசை விடக் குறைவு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜூலையில் நான் போனேன். மரம் வெட்டின அன்று வீட்டில் இருக்க வேண்டாம் என்று முந்தின நாளே அம்மாவைப் பார்க்க நாகர்கோவில் போய்விட்டேன். கோழைத்தனம்தான். ஒன்பதில் இரண்டு முளகுமூட்டில் மாமா வீட்டுக்கு, அதாவது வந்த இடத்துக்கே. ஒன்று பாறசாலையில் அக்காவின் மாமியார் வீட்டில். மூன்று நேமத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. இரண்டு ஒட்டுக் கட்டியவருக்கே, அவர் கேட்டார், நர்சரியில் தாய்மரமாக வைப்பாராம். கடைசி ஒன்று நாகர்கோவில் மொட்டை மாடியில் டிரம்மில், அம்மா காவலில். மூன்று, நாலு வருஷத்தில் காய்க்கலாம். அதே சுவை வருமா? மண்ணும் தண்ணியும் மாறினால் கொஞ்சம் மாறும். ஆனால் அதே மரம்தான், அதில் சந்தேகமில்லை.

*

ஆகவே மக்களே, என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

ஊர் வீட்டு விற்பனைப் பட்டியலில் பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீது என்று எழுதும்போது 'மரம்' என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு மாதம் முன்னால் யோசியுங்கள், மழைக்காலம் ஒன்றாவது கையில் இருக்கட்டும். மரத்தின் சரித்திரத்தை அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டு எழுதி வையுங்கள்: எந்த மாதம் காய்க்கும், எத்தனை பழம், சுளை என்ன நிறம், புழுக்குக்கா பழத்துக்கா. அந்த விவரம் இல்லாத ஒட்டுக்கன்று ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பாதிதான் உபயோகம். கேரளத்தில் பஞ்சாயத்துக்கு ஒரு கிருஷி பவன் இருக்கிறது. வெள்ளநாட்டில் மித்ரநிகேதன் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. இந்தப் பக்கம் பேச்சிப்பாறை இருக்கிறது. மரம் நிஜமாகவே விசேஷம் என்றால் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயியே தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

"எல்லாம் என்.ஆர்.ஐ. செண்டிமெண்ட்" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இருக்கலாம். நான் அந்த மரத்தடியில் இனி உட்காரப் போவதில்லை, அதன் பழத்தை என் பேரப்பிள்ளைகள் தின்பார்களா என்பதும் தெரியாது. ஆனால் கொல்லையில் நின்றது எங்க குடும்பத்துச் சொத்து மட்டும் இல்லை. நிலம் எங்களுடையது, விற்றோம். அந்த மரத்துக்குள் இருந்த சேர்க்கை எங்களுக்கு முந்தி யாராரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அதை அடுத்தவர் கையில் கொடுக்காமல் விறகுக் கடைக்கு அனுப்ப நமக்கு உரிமை இருக்கிறதா?

நேற்று அம்மா போனில் சொன்னார், மாடிக் கன்று மூன்று இலை புதிதாக விட்டிருக்கிறதாம். மகள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆச்சி, எப்போ காய்க்கும்?" என்றாள்.

"நீ காலேஜுக்குப் போறதுக்கு முன்னால வா மக்களே, அறுத்துத் தாறேன்."

பி.கு.: கன்றையோ கொம்பையோ பெட்டிக்குள் ஒளித்து இங்கே கொண்டு வரலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். ஏர்போர்ட்டில் இருக்கிற நாய்க்கு நம்மை விட மூக்கு கூர்மை. தவிர நியூஜெர்சிப் பனியில் அது ஒரு வாரம் தாங்காது. மரம் அதன் ஊரில் இருக்கட்டும். நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.